நுனியைச் சுருட்டிய இன்சோல்

சைக்கிள் மிதிக்கும் ஒருவரின் ஷூவுக்குள், பாதத்துக்கு மெத்தையாக ஓர் இன்சோல் கிடந்தது. பல வருஷம் மிதிபட்டுத் தட்டையாகிவிட்டது. அவருக்கு உள்ளங்கால் மரத்துப்போகவே, நடுவில் மேடு வைத்த புது இன்சோல் ஒன்றை வாங்கிவந்தார். பழையதை உருவிப் புதியதன்மேல் வைத்தார். பென்சிலை எடுத்தார். பக்கத்தில் கத்தரிக்கோல் இருந்தது.

"அண்ணே, என்ன செய்யப்போறாரு?" என்று அடியிலிருந்து புதியது கேட்டது.

"என் அளவுக்கு உன்னை வெட்டுவாரு. அப்புறம் நீ ஷூவுக்குள்ள, நான் குப்பையில."

"கொஞ்சம் நேரா படுங்கண்ணே. எனக்குப் பயமா இருக்கு."

பயம் பழையதுக்குத்தான் அதிகம். பென்சில் கால்விரல்பக்கம் வந்தபோது அது நுனியை மெல்லச் சுருட்டிக்கொண்டது. அவர் கவனிக்கவில்லை. கோடு குட்டையாக விழுந்தது. கத்தரிக்கோல் கோட்டின்படியே போனது.

நீளம் போதாத புதியது ஷூவுக்குள் வழுக்கியது. எறிய மனமில்லாமல் அவர் அதை அடியில் வைத்து, பழையதையே மேலே விரித்தார்.

சைக்கிள் மேட்டுச் சாலையில் ஏறும்போது பெடல் அழுந்தியது. பழையதுக்கு முதுகு சில்லிட்டது. தன்னால் குட்டையானவன் இருட்டில் தனக்கு நேர் கீழே கிடக்கிறான். எந்த நேரம் என்ன செய்வானோ?

கீழிருந்து குரல் வந்தது.

"அண்ணே, உங்க நடுமுதுகை நான் தாங்கிக்கிறேன். மிதிபடற வலி இப்ப குறைஞ்சிருக்கா?"

நீட்டிப் படுக்க இடம் இருந்தும், பழையது நுனியைச் சுருட்டியபடியே கிடந்தது.