ஊரறிந்த குரல்

“நீ ஒண்ணும் பேச வேண்டாம். நான் பேசிக்கிறேன்” என்று சினிமா கம்பெனிக்குள் நுழைந்தபடியே மனைவியிடம் சொன்னார் கணவர்.

அவர் வாயைத் திறந்ததும் வரவேற்பறைப் பெண் விசுக்கென்று எழுந்து நின்றாள். ஹீரோதான் வந்துவிட்டார் என்று நினைத்துவிட்டாள். வழுக்கைத் தலையும் தேய்ந்த செருப்புமாக இவர் நிற்பதைப் பார்த்ததும் அசடு வழிய உட்கார்ந்துகொண்டாள்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. அந்த ஹீரோவுக்கு முதல் படத்திலிருந்தே குரல் கொடுப்பவர் இவர்தான். தொண்டைக்குள் ஒரு ஊரையே குடிவைத்திருக்கும், எந்தக் குரலிலும் பேசும் டப்பிங் கலைஞர். ஹீரோவின் சொந்தக் குரலோ தகரத்தில் ஆணி கீறுவது மாதிரி கீச்சென்று இருக்கும். அதனால் மேடையேறினால் கையை மட்டும் அசைத்துவிட்டு இறங்கிவிடுவார். ரசிகர்கள் அதைத் தன்னடக்கம் என்று கொண்டாடினார்கள்.

படப்பிடிப்புத் தளத்தையும் டப்பிங் தியேட்டரையும் தாண்டி இந்த ரகசியம் போனதில்லை. போனால் இவருக்கு வேலை கிடையாது என்று ஆரம்பத்திலேயே பேசி வைத்திருந்தார்கள்.

அவர் மனைவி அதே கம்பெனியில் ஹேர் டிரெஸ்ஸர். அந்தக் குரலில் மயங்கித்தான் அவருக்குக் கழுத்தை நீட்டினாள்.

ஹீரோவின் கேரவனுக்குள் தலைவாரப் போனவளை அந்த ஆள் கையைப் பிடித்து இழுத்தான். அடுத்த முறை அவள் செல்போனில் ரெக்கார்டிங்கைப் போட்டுக்கொண்டுதான் உள்ளே போனாள். ‘வேலை நிலைக்கணும்னா கதவைச் சாத்திட்டு வா’ என்று கீச்சுக் குரல் அதில் பிசிறில்லாமல் விழுந்திருந்தது.

கம்பெனியை நம்பித்தான் புகார் கொடுத்தாள். போன மாதம் ஒரு சின்ன காமெடி நடிகர் மேல் யாரோ எதையோ சொன்னார்கள். ரெக்கார்டிங்கும் இல்லை, விசாரணையும் இல்லை. மதியச் சாப்பாட்டுக்குள் அவரைப் படத்திலிருந்து தூக்கிவிட்டு, ‘எங்களுக்கு ஒழுக்கம்தான் முதல்’ என்று அறிக்கை விட்டார் தயாரிப்பாளர். ஹீரோ என்றதும் அதே வாய், ‘எதையும் தீர விசாரிக்கணும்மா’ என்று இழுத்தது. சம்பளம் ஏற ஏற ஒழுக்கத்துக்கும் காது மந்தமாகிவிடும் போலிருக்கிறது.

இன்று காலை விசாரணைக்குக் கிளம்பும்போதுகூட அவள் தயங்கினாள். உண்மையைச் சொன்னால் அவர் பிழைப்பு போய்விடுமே என்றாள். அவர் சிரித்தார்.

“அட பைத்தியமே, மைக் முன்னாடி நான் என்னைக்காவது சொதப்பியிருக்கேனா? குடுத்த வசனத்தை ஒரு எழுத்து மாத்தாமப் பேசுறவன் நான்.”

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒருத்தர் வாய்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

கணவரை வெளியே உட்காரவைத்துவிட்டு அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். நீள மேசைக்குப் பின்னால் தயாரிப்பாளரும், விசாரணைக்கென்று வெளியிலிருந்து வரவழைத்த ஒரு பெண் வக்கீலும் இருந்தார்கள். ஹீரோவுக்குப் படப்பிடிப்பாம், வரவில்லை.

ரெக்கார்டிங் ஓடி முடிந்தது. தயாரிப்பாளர் உதட்டைப் பிதுக்கினார்.

“இது அவர் குரலே இல்லீங்க மேடம். அவர் குரல் பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியுமே.”

வக்கீலம்மாவும் அவர் படங்களைப் பார்த்தவர்தான். அவளை ஏற இறங்கப் பார்த்தார். யாரையோ பேசவைத்து ஜோடித்த புகாராக இருந்தால் வேலை போவதோடு நிற்காது, அவள் மேலேயே வழக்கு வரும் என்று எச்சரித்தார்.

எல்லாம் தெரிந்தும் கூசாமல் பொய் சொன்னார் தயாரிப்பாளர். ஆனால் அவளுக்குத் துளிக்கூடப் பயமில்லை. ஊர் கேட்கிற குரல் ஹீரோவுடையதே இல்லை, என் வீட்டுக்காரருடையது என்று வக்கீலிடம் போட்டு உடைத்தாள். வெளியேதான் இருக்கிறார், நீங்களே கேட்டுப் பாருங்கள் என்றாள்.

கணவர் வந்தார். அவளுக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தும் தயாரிப்பாளர் பக்கமாகப் போய் நின்றார். வக்கீல் மறுபடியும் ரெக்கார்டிங்கை ஓடவிட்டு, இதைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்டார்.

சொல்லுங்க என்பதுபோல் அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, செல்போனில் கேட்ட அதே கீச்சுக் குரலில் சொன்னார்:

“இதுல பேசினது நான்தான், மேடம்.”