மூன்று வருடத் தேய்மானம்

“கீழ்க் கட்டையில குதிகால் பட்டுத் தேய்ஞ்சிருக்கணும். அவளுக்குக் கால் சும்மா இருக்காது,” என்றார் வந்தவர்.

பட்டறைக்காரி குனிந்து மேசையின் கீழ்க் கட்டையைத் தடவிப் பார்த்தாள். சின்னப் பிள்ளைகள் எழுதுகிற மேசை. செகண்ட் ஹேண்டில் வாங்கியதுதான் என்றாலும், முன்னால் வைத்திருந்த வீட்டில் யாரும் அதைத் தொட்டுப் படித்த மாதிரி தெரியவில்லை. வார்னிஷ் பளபளவென்று இருந்தது.

மரச்சாமான்களைச் சுரண்டி, சாயம் ஏற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, நாலு தலைமுறை புழங்கிய தோற்றத்தைக் கொண்டுவருவதுதான் அவள் பிழைப்பு. காப்பிக்கடைக்காரர்களும் ஸ்டூடியோக்காரர்களும் தேடி வருவார்கள். நல்ல மரத்தைக் கூலி கொடுத்து அடிக்கச் சொல்கிறார்களே என்று ஆரம்பத்தில் அவளுக்குச் சிரிப்பாக வரும். அப்புறம் பழகிவிட்டது.

ஆனால் இப்படிக் கேட்டு யாரும் வந்ததில்லை. எட்டு வயதுப் பெண் ஒருத்தி மூன்று வருடமாக உட்கார்ந்து படித்த மேசையாக அது ஆகவேண்டும், பார்க்கிறவர்களுக்குத் துளிச் சந்தேகம் வரக்கூடாது என்றார்.

“எங்கங்க போடப் போறீங்க?”

“என் பொண்ணு ரூம்ல.”

“பொண்ணு...” என்று இழுத்தாள்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “அவ அம்மாவோட போயிட்டா.”

பட்டறைக்காரி மேசையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். தாயும் மகளும் ஒன்றாகவா? என்ன விபத்தோ, ஏதோ. செய்து தருகிறேன் என்று மட்டும் சொன்னாள்.

மற்ற வேலைகளை மூட்டை கட்டி வைத்துவிட்டு அதில் இறங்கினாள். அவளுடைய மகன் இப்போது ஹாஸ்டலில் இருக்கிறான். சின்ன வயதில் கணக்கு வராவிட்டால் காம்பஸ் முனையால் மேசையைக் குத்திக் குத்திக் குழி பறிப்பான். அந்தக் குழிகளை ஞாபகப்படுத்தி ஒவ்வொன்றாகக் குத்தினாள். வலது முழங்கை ஊன்றுகிற இடத்தில் வார்னிஷை மங்க வைத்தாள். ஒரு வண்ணத்துப்பூச்சி ஸ்டிக்கரை ஒட்டி, பாதியைப் பிய்த்து, மீதியை அழுக்கேற்றினாள். கீழ்க் கட்டையை மட்டும் உப்புத்தாளுக்கு விடாமல், மகனின் பழைய பள்ளிக்கூட ஷூவைத் தேடி எடுத்து, அதன் குதிகாலாலேயே தேய்த்தாள். முதுகு கழன்று போயிற்று. பரவாயில்லை என்றிருந்தது.

திங்கட்கிழமைக்குள் வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். அதற்கு முன்பே முடித்துவிட்டாள்.

அவர் வந்து பார்த்தார். மேசையைச் சுற்றி வந்தார், தரையில் உட்கார்ந்து அடியில்கூடப் பார்த்தார். பிறகு ஒரு பென்சில் கேட்டு வாங்கி, டிராயரை இழுத்து, உள்பக்கத்தில் மகளின் பெயரை இடக்கையால் கோணல்மாணலாக எழுதினார். பிள்ளை எழுத்து மாதிரியே வந்தது. பட்டறைக்காரியால் தாங்க முடியவில்லை. கையிலிருந்த துணியால் கண்ணைத் துடைக்கப் போக, அதிலிருந்த டர்பன்டைன் பட்டு எரிந்து இன்னும் கொஞ்சம் அழுதாள்.

கூலி என்று அவர் பர்ஸை எடுத்தபோது, வேண்டவே வேண்டாம் என்று கும்பிட்டுவிட்டாள்.

“யாராவது கேட்டா, இத நீங்க செஞ்சதா மட்டும் சொல்லிக்க வேணாம்,” என்றார் அவர்.

தன்னைத்தானே நம்பவைத்துக்கொள்ளப் பார்க்கிறார், பாவம் என்று நினைத்துக்கொண்டாள். சொல்லமாட்டேன் என்று வாக்கும் கொடுத்தாள்.

கொஞ்ச நாள் கழித்து அவருடைய கார் மறுபடி பட்டறை வாசலில் வந்து நின்றது. மேலே அதே மேசை கட்டியிருந்தது. ஆள் முகம் தெளிந்து, நன்றாக இருந்தார். தானே கயிற்றை அவிழ்த்து மேசையை இறக்கி உள்ளே கொண்டுவந்து வைத்தார்.

“வீட்ல சும்மா இடத்த அடைச்சிக்கிட்டுக் கிடக்கு. வேற யாருக்காவது ஆகும், வெச்சிக்கங்க.”

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும், தினம் தினம் அதைப் பார்த்துக்கொண்டு அந்த மனுஷன் எப்படித்தான் இருப்பார் என்று சமாதானம் செய்துகொண்டாள். அதற்குள் அவருக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே தெருப் பக்கம் நடந்தார்.

காரின் பின்கதவு திறந்தது. ஒரு சிறுமி இறங்கி வந்து, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

யாரும்மா நீ என்று பட்டறைக்காரி கேட்டதற்கு, தெருவில் நின்றவரைக் காட்டி, அவருடைய பெண் என்றாள்.

“உனக்கு அக்கா ஒருத்தி இருந்தாளா கண்ணு?”

“இல்லையே. நான் மட்டுந்தான்.”

பட்டறைக்காரி மேசையைத் திரும்பிப் பார்த்தாள். அவள் கேட்காமலேயே சிறுமி சொல்லிக்கொண்டு போனாள். அப்பாவின் வீடு பிள்ளை இருக்கத் தகுந்த வீடுதானா என்று பார்க்க, கோர்ட்டிலிருந்து ஒரு ஆன்ட்டி வந்தார்களாம். மகள் மூன்று வருடமாக இந்த மேசையில்தான் படிக்கிறாள் என்று அப்பா சொன்னாராம், டிராயரைத் திறந்தும் காட்டினாராம். ஆன்ட்டி தலையாட்டிக்கொண்டே எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனார்களாம். இனி அவள் அப்பாவோடுதான் இருக்கவேண்டும் என்று கோர்ட்டில் சொல்லிவிட்டார்களாம்.

“அது என் எழுத்தே இல்ல,” என்றாள் சிறுமி.

தெருவில் அவர் முதுகைக் காட்டியபடி சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். சிறுமி அவரை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டாள். பிறகு பட்டறைக்காரியின் அருகில் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

“அப்பா வர்றதுக்குள்ள, எங்கம்மாவுக்கு ஒரு போன் போட்டுத் தர்றீங்களா?”