கொடியில் கிடந்த சட்டை

விசாரணையின்போது இருந்தவர்கள்: கிராம நிர்வாக அலுவலர், தலையாரி, மனு கொடுத்த மரகதவல்லி, அவளுடைய மகள். கணவன் கைவிட்டுப் போனவர்களுக்கான உதவித்தொகைக்காக வீட்டைப் பார்க்க வந்திருந்தார்கள். கொடியில் ஓர் ஆண் சட்டை காய்ந்துகொண்டிருந்தது.

"இது யாரோடதும்மா?" என்றார் அலுவலர்.

"சந்தையில வாங்கினது சார். ஆம்பளை இல்லாத வீடுன்னு கதவத் தட்டுறானுங்க. அதான் துவைச்சுத் துவைச்சுக் காயப்போடுறேன்."

"காவலுக்கு நிக்குற சட்டைக்குச் சம்பளம் உண்டா?" என்று தலையாரி சிரித்தார்.

அலுவலர் சிரிக்கவில்லை. "ஆம்பளைத் துணி கெடந்தா நான் எழுதித் தர முடியாது. ஒரு மாசம் இது இல்லாம இருக்கட்டும். திரும்ப வந்து பார்க்கறேன்."

"அந்த ஒரு மாசம் வாசல்ல நீங்க படுத்துக்குறீங்களா?"

அவர்கள் போனதும் மரகதவல்லி சட்டையை உருவினாள். மகளை உள்ளே தள்ளி, வெயில் இருக்கும்போதே கதவைச் சாத்தி உள்பக்கம் பூட்டினாள்.