கப்பலில் வந்த அசேலியா

"நான் வர்றதுக்குள்ள இது வாடிச்சுன்னா, நீ உங்கம்மா வூட்டுக்குப் போய்க்கினே இருக்கலாம்," என்று மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் அபிராமபுரம் தோல் வியாபாரி அப்துல் வஹீத் ரங்கூனுக்குக் கப்பலேறினார். 'இது' என்றது, ஜப்பானிலிருந்து அவர் ஆசையாக வரவழைத்திருந்த, செக்கச்செவேலென்று பூக்கக்கூடிய முழ உயர அசேலியாச் செடியை.

ஊர் திரும்பியதிலிருந்து, செடி உயரக் கூடாதென்று தினமும் அவரே கொழுந்தைக் கிள்ளினார். பூ மட்டும் வருவதாக இல்லை.

பெருநாளுக்கு முதல் நாள் விரல்களை நீட்டிக்கொண்டு வந்தார். "பாரு அஸ்மத், கொழுந்தைக் கசக்கினதுக்கே எப்படிச் செவந்து கீது. உள்ளே சாயம் ஊறிடுச்சு. இனிமே பூதான்."

"பூக்கட்டும். கிள்ளினதைக் கீழே போட்டுடாதீங்க," என்றபடி அஸ்மத்துன்னிசா அம்மியைக் கழுவினாள்.

சித்திரை வெயிலில் கருகிப்போன அசேலியாவின் தொட்டியில் அவள் நட்டுவைத்த மருதாணி, பெருநாளைக்கு ஒரு கைக்காவது காண வேண்டுமே.