உயிர் இருக்கும்போதே

"விழுந்திட்டு உம்மா! சுட்டு விழுத்திட்டன்! ஆனா இன்னும் துடிக்கிது. இப்ப என்ன செய்யிற?"

நளீபா மூக்குக் கண்ணாடியைத் தேடவில்லை. போனை முகத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

வெள்ளவத்தை வீட்டில் பின்னேர அஸர் தொழுதுவிட்டு, அப்போதுதான் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்திருந்தாள். போனுக்குள், அமெரிக்காவில், பொழுது விடிந்துகொண்டிருந்தது.

ஈரப் புல். பனிமூட்டம். பெரிய பெரிய மரங்கள். நடுவில் ஒரு கறுத்த பறவை செட்டையை நிலத்தில் போட்டு அடித்துக்கொண்டிருந்தது.

காட்டு வான்கோழி. நத்தார் காலத்தில் வத்தளைப் பக்கம் ரோட்டோரத்தில் கட்டிவைத்து விற்பார்களே, அந்தச் சாதிதான். ஆனால் அதைவிட உயரம், அதைவிட மூர்க்கம்.

கொஞ்சம் தள்ளி மகள் ஸும்றா. இலைநிறச் சட்டை, இலைநிறத் தொப்பி, கையில் துவக்கு. போனை வேறு யாரோ பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

கேட்க வேண்டியது நளீபாவுக்கு நெஞ்சு முட்ட இருந்தது. பறவைக்குத்தான் நேரம் இருக்கவில்லை.

"முதல்ல துவக்க லொக் பண்ணிக் கீழ வை. கண்ண பாரு. இமைக்கிதா?"

"இமைக்கிது உம்மா."

"அப்ப உயிர் ஈக்கு. அறுக்க முந்திச் செத்திட்டா அது நமக்கு ஹலால் இல்ல. ஓடு!"

ஸும்றா ஓடினாள். போன் பிடித்திருந்த ஆளும் பின்னால் ஓட, காடு தலைகீழாக ஆடியது. நளீபா ஃப்ரிட்ஜைப் பிடித்துக்கொண்டாள்.

"கையால புடிக்க வாணாம்! சேவலுக்கு மாதிரி கால்ல முள்ளு ஈக்கும், கிழிச்சிடும். தலைப்பக்கமாப் போய் செட்டைய மிதி!"

பின்னால் சோபாவில் கணவர் பௌஸி பேப்பர் விரித்திருந்தார். காலி வீதியில் துணிக்கடை வைத்திருக்கிற மனிதர். இரத்தத்தைக் கண்டால் தலை சுற்றிவிடும். கிருலப்பனையில் வாடகைக்கு இருந்த காலத்தில் பெருநாளைக்குக் கோழி அறுத்ததெல்லாம் நளீபாதான். சின்ன ஸும்றா கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டு ஊரைக் கூட்டுவாள்.

அதே பிள்ளை இப்போது பறவையின் செட்டைமேல் பூட்ஸ் காலை ஊன்றி நின்றது.

"கத்தி கூரா?"

"நல்ல கூர்."

"கிப்லாவுக்குத் திருப்பு. மேக்கால..."

"இங்க மேக்கு இல்ல உம்மா. வடகிழக்கு."

யோசிக்கவில்லை. யாரிடமும் கேட்கவில்லை. சூரியன் எந்தப் பக்கம் என்றுகூடப் பார்க்கவில்லை. சொந்த வீட்டுச் சுவிட்சை இருட்டில் கை தானாகத் தொடுமே, அப்படி அந்தக் காட்டுக்குள் பறவையின் தலையைத் திருப்பினாள்.

அப்படியென்றால் அங்கேயும் நாளும் கிப்லா பார்த்துத் தொழுகிறாள். இப்போது அழுதால் காரியம் கெட்டுவிடும் என்று நளீபா அழுகையை விழுங்கிக்கொண்டாள்.

பின்னால் பேப்பர் மடிகிற சத்தம் கேட்டது.

"பிஸ்மி செல்லு. ஒரே இழுவை. பாதியில கைய எடுக்க வாணாம்."

"பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர்!"

கேட்டது இரண்டு குரல். ஒன்று ஸும்றாவின் குரல், கணீரென்று. மற்றது போன் பிடித்திருந்த ஆளுடையது. ஆண் குரல். ஒவ்வோர் எழுத்திலும் தடுக்கி விழுந்து, எழும்பி, எப்படியோ சொல்லி முடித்தது.

புல் சிவந்தது. செட்டை இன்னும் சில தடவை அடித்தது. பிறகு அடங்கியது.

ஸும்றா கத்தியும் கையுமாக நிமிர்ந்து ஒரு கூச்சல் போட்டாள். மரத்தில் இருந்த குருவிகளெல்லாம் எழும்பிப் பறந்தன.

"அறுத்திட்டன் உம்மா! நானே அறுத்திட்டன்!"

"கெட்டிக்காரி! ஏன்ட மகள்!"

நளீபா போட்ட சத்தத்தில் மேல்மாடியில் யாரோ ஜன்னலைத் திறந்தார்கள். அடுப்பில் தண்ணீர் கொதித்து வழிந்தது. வழியட்டும். அவள் போனைத் தலைக்குமேல் தூக்கி, வெற்றிக் கிண்ணம் வாங்கியவள் போல ஆட்டினாள்.

ஸும்றா கிட்ட வந்தாள். கன்னத்தில் சேறு. மூச்சு வாங்கியது.

"அறுக்கணும் எண்டதும் ஒங்கட நம்பர்தான் ஞாபகம் வந்திச்சி. வேற யார்ட்ட கேக்கிற?"

பிறகு குரல் இறங்கிவிட்டது.

"உம்மா... வாப்பா ஈக்காரா?"

நளீபா மெல்லத் திரும்பினாள்.

ஐந்து நோன்புப் பெருநாள்கள் போயிருந்தன. வெள்ளைக்காரன் ஒருவனைக் கட்டப்போகிறேன் என்று ஸும்றா பெட்டியோடு படியிறங்கிய அன்று, பௌஸி வாசலில் நின்று, அவன் முகத்தைச் செத்தாலும் பார்க்கமாட்டேன், இனி உன் முகமும் வேண்டாம் என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். அதற்குப் பிறகு அவளிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. அந்தப் பெயரை இந்த வீட்டில் யாரும் வாயெடுத்துச் சொன்னதும் இல்லை. போன் இன்றைக்குத்தான் அடித்தது.

பௌஸி எழுந்து வந்தார். போனை நளீபாவின் கையிலிருந்து வாங்கினார். புல்லில் கிடந்த இரத்தத்தைக் கண்டு சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டார். கண்ணை மட்டும் எடுக்கவில்லை. மகளைப் பார்த்தார். சேற்றைப் பார்த்தார். மறுபடியும் மகளைப் பார்த்தார்.

ஸும்றா கன்னத்துச் சேற்றைப் புறங்கையால் துடைத்தாள்.

"மருமகன்ட்ட செல்லு," என்றார். "போன அங்கால திருப்பச் செல்லு. மொகத்த பாக்கணும்."