வேலைக்காரிக்குக் கிடையாது

"உங்க மலை வீட்டு இன்சூரன்ஸ் பத்திரத்தைக் காட்டுங்க, சார்."

கேட்கவே கூடாது என்று அம்மா கையைப் பிடித்துக்கொண்டு சொல்லி அனுப்பியதைத்தான் சுசித்ரா முதலில் கேட்டாள்.

ஏலக்காய்க் கடை நாற்காலியில் சாய்ந்திருந்த ஜக்கையன் சிரித்தார். "சாரா? உங்காத்தா ஒம்பது வருசமா மொதலாளின்னுதான் கூப்பிடுறா. காலேசுக்குப் போனா வாய் மாறிருமோ?"

"பால்கனிக் கம்பி பேந்து, எங்கம்மா இடுப்பு ஒடிஞ்சு கெடக்காங்க. ஆபரேசன் பண்ணாத்தான் நடப்பாங்க."

"அதான் ஆப்பிள் வாங்கிக் குடுத்து விட்டேனே!"

"கம்பி ஆடுதுன்னு மூணு தடவ உங்ககிட்ட சொன்னாங்களா, இல்லையா?"

"சொன்னா. தெரிஞ்சுக்கிட்டே எதுக்குச் சாஞ்சா? மெத்தை விரிக்க வந்தவளுக்குப் பால்கனியில என்ன சோலி?"

போடிமெட்டு மலை வீட்டில், விருந்தாளிகளுக்கு வாடகைக்கு விடும் அந்தப் பால்கனி அறையிலிருந்து பார்த்தால், கீழே போடி முழுக்க விடிவது தெரியும். விரிப்பு மாற்றிவிட்டு ஜீப்பில் இறங்கி வரும் நாளெல்லாம் அம்மாவுக்கு அதே பேச்சுதான். இப்போது ஆஸ்பத்திரியிலும், கட்டிலை மலைப் பக்கம் திருப்பிப் போடச் சொல்லிக் கெஞ்சுகிறாள்.

ஜக்கையன் இழுப்பறையிலிருந்து பத்திரத்தை எடுத்துப் போட்டார். "படிச்ச புள்ளதான? படி."

ஆங்கிலத்தில் இருந்ததை அவள் தமிழில் சொன்னாள். "பணம் கட்டித் தங்குற விருந்தாளிக்கு, வீட்டோட குறையால அடிபட்டா, கம்பெனி இழப்பீடு தரும்."

"விருந்தாளிக்கு! வேலைக்காரிக்குன்னு ஒரு வரி இருக்கா, பாரு."

"இல்ல."

"பெறகென்ன? விருந்தாளி விழுந்திருந்தா நானே முன்னால நின்னு கையெழுத்துப் போட்டிருப்பேன். வெரசா கெளம்பு."

சுசித்ரா எழுந்தாள். "வக்கீல் நோட்டீசு காலையிலயே அனுப்பியாச்சு. நீங்களா மனசு வச்சுத் தருவீங்களான்னு பாக்கத்தான் வந்தேன்."

"மெத்தை விரிக்கிறவளுக்கு நோட்டீசா! எந்தக் கோர்ட்டுல நிக்கும்?"

வாசலில் இறங்கியவள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"அன்னைக்கு எங்கம்மா வேலைக்கு வரல. என் மொதச் சம்பளத்துல அந்த ரூம அவங்களுக்குப் பிடிச்சுக் குடுத்தேன். போன்ல வந்த புக்கிங்கத் தெறந்து பாருங்க: மொக்கம்மாள், ஒரு ஆளு, ஒரு ராத்திரி."