இன்னும் கொஞ்சம் நீளமா

"இதைவிட இன்னும் கொஞ்சம் நீளமா இல்லீங்களா?" என்று பிரவீனா ஐந்தாவது முறையாகக் கேட்டாள்.

ஆர்.எஸ்.புரத்தில் வீட்டுச் சாமான்கள் விற்கும் அந்தக் கடைக்குள் அவள் நுழைந்து முக்கால் மணி நேரமாகிவிட்டது. கார்பெட் கழுவும் சின்ன மெஷினை ஐந்தே நிமிடத்தில் எடுத்துவிட்டாள். பெட்டி மாதிரி கையில் தூக்கிப் போகலாம். சோப்புத் தண்ணீரைப் பீய்ச்சி, அழுக்கோடு திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அதில் மாட்டுகிற குழாயில்தான் வந்தது வம்பு.

விற்பனைப் பெண் வர்ஷினி கைக்கு அடக்கமான குட்டிக் குழாயைக் காட்டினாள். "சோபா, படிக்கட்டு, கார் சீட்டு எல்லாத்துக்கும் நல்லா இருக்குமுங்க மேடம்."

"இதை வெச்சுத் தேய்க்கோணும்னா மண்டி போடோணுமே? வேண்டாமுங்க."

"இது வாய் அகலமுங்க. சீக்கிரம் முடிஞ்சுரும்."

"குனியோணுமே."

"இதுல முன்பக்கம் கண்ணாடி மாதிரி இருக்குது பாருங்க. அழுக்குத் தண்ணி போறது நல்லாத் தெரியும்."

"அழுக்கைப் பாத்து என்னங்க அம்மணி பண்ணப் போறேன்? நீளமா எடுங்க."

அலமாரியில் இருந்த குழாய்கள் பாதிக்கு மேல் தரைக்கு வந்துவிட்டன. கூட வேலை பார்க்கும் மதன்குமார் பக்கத்தில் வந்து கிசுகிசுத்தான். "வசதியானவங்களுக்கு ஊட்ல பொழுது போகலைன்னா நம்ம கடைதான் கிடைக்குது."

வர்ஷினிக்கும் எரிச்சல்தான். காட்டிக்கொள்ளாமல் இடுப்புயரக் குழாயை எடுத்து வந்தாள்.

"இதுல நிமிந்து நின்னுட்டே தொடைக்கலாமுங்க. இதுக்கு மேல நீளமானா உறிஞ்சற வேகம் குறைஞ்சுரும்."

"குறைஞ்சாக் குறையட்டும். எங்க ஊட்ல வேலை செஞ்ச குழந்தையம்மா மண்டி போட்டு மண்டி போட்டே முட்டி போயி நின்னுட்டாங்க. இனி வர்றவங்க மண்டியும் போட வேண்டாம், குனியவும் வேண்டாமுங்க."

வர்ஷினி அப்படியே நின்றுவிட்டாள். வேலைக்கு வரும் அம்மாவின் முட்டிக்காகவா இவ்வளவு நேரம்? இப்படியும் ஒரு முதலாளியம்மா இருப்பார்களா? மதன்குமாரை ஒரு முறை முறைத்தாள். அவன் நைசாக மிக்ஸி பக்கம் நகர்ந்தான்.

வர்ஷினியின் அம்மா மாசாணியம்மாளுக்குச் சோமனூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் வேலை. ஒவ்வொரு விசேஷம் முடிந்ததும் மேடைக் கார்பெட்டில் சிந்திய சந்தனத்தையும் பாயசத்தையும் மண்டி போட்டு பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். போன வாரம்தான் டாக்டர் கோபித்துக்கொண்டார். இன்னும் ஆறு மாதம் இப்படி மண்டி போட்டால் அப்புறம் நடக்கவே முடியாது என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வர்ஷினி வேறு வேலை தேடாத இடமில்லை.

உள்ளே ஓடி இன்னொரு குழாயை எடுத்து வந்து, முதல் குழாயோடு சேர்த்து முறுக்கினாள். ஆறடிக்கு மேல் நீளம் வந்தது.

"இதேதானுங்க!" பிரவீனாவின் முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டது.

"ஏனுங்க மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. குழந்தையம்மாளுக்குப் பதிலா ஆள் பாத்துட்டீங்களா?"

"இன்னும் இல்லீங்க. ஏன்?"

"எங்கம்மாவை அனுப்பட்டுங்களா? சுத்தமா வேலை செய்வாங்க. சோமனூர்ல இருந்து வரணும்."

"எங்க ஊடு நீலாம்பூர்தான், ஒரே பஸ்ஸு. சோமனூர்ல எந்தப் பக்கமுங்க?"

இந்தக் கேள்வி வரும் என்று வர்ஷினிக்குத் தெரியும். குரல் தானாக இறங்கியது. "காலனிங்க."

"அட, அதனாலென்ன? குழந்தையம்மாளும் காலனிதான். நாங்க அதெல்லாம் பாக்கறதில்லீங்க. அம்மாவுக்குப் போனைப் போடுங்க, நானே சொல்றேன்."

வர்ஷினிக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மாவை அழைத்து, விஷயத்தைச் சொல்லி, ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, நல்லா இருக்கீங்களா? எங்க ஊட்ல நீங்க மண்டியே போட வேண்டாமுங்க. உங்க பொண்ணு நல்ல குழாயா எடுத்துக் குடுத்திருக்குது" என்றாள் பிரவீனா.

"நீங்க நல்லா இருக்கோணுஞ் சாமி. நாளைக்கே வாரனுங்க!" என்றாள் அம்மா.

"வாங்க வாங்க. கார்பெட்டு பூஜை ரூம்லதான் விரிச்சிருக்குது. இந்தக் குழாய்ல நீங்க நெலவுப்படிக்கு வெளியவே நின்னுட்டு மூலை வரைக்கும் தொடைச்சுரலாம். உள்ள கால் வைக்கற வேலையே இல்ல. குழந்தையம்மா ஒவ்வொரு தடவை உள்ள வந்துட்டுப் போனதுக்கப்புறமும் ரூம் பூராத் தீர்த்தம் தெளிச்சு, சாமி படமெல்லாம் கழுவி... அப்பப்பா! இனி உங்களுக்கும் சிரமமில்ல, எங்களுக்கும் சிரமமில்ல பாருங்க."

பிரவீனாவின் முகத்தில் அதே சிரிப்பு, அதே கனிவு. வர்ஷினிக்குத் தலையில் அடித்தாற்போல் இருந்தது. போனை அணைக்க நினைத்தாள். விரல் நகரவில்லை.

லைன் போய்விட்டதோ என்று பிரவீனா குனிந்து பார்த்தாள்.

"கண்ணு வர்ஷினி, கேக்குதா?" என்று போனில் அம்மாவின் குரல் வந்தது.

"கேக்குதும்மா."

"அதுக்கு என்ற முட்டி வலியே தேவலை கண்ணு. நாளைக்கு மண்டபத்துல முகூர்த்தம் இருக்குது, நான் அங்கயே போயிக்கறேன்."